காலாவதிக்கு எந்த மொழி?

சருமப்பூச்சு விளம்பரங்கள் இந்நாட்டு மொழிகள் பலவற்றிலும் பேசுகின்றன. அது கெடும் நாளைச் சொல்ல மட்டும் ஆங்கிலம் போதுமாம். 2011ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பண்டங்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், கட்டாய அறிவிப்புகள் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. பிற மொழிகளைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை.

பல டப்பிகளில் திறந்த மூடியின் படமும் '12எம்' என்ற குறியும் உள்ளன: திறந்தபின் 12 மாதங்களுக்குள் பயன்படுத்துக என்பது பொருள். குறி வழக்காற்றால்தான் பொருளுணர்த்தும் என்பது மொழியியலின் முதல் பாடம். கற்பிக்கப்படாத குறி எச்சரிக்கை ஆகாது.

விளைவு அற்பமன்று. வெப்பத்தில் கிடக்கும் சன்ஸ்கிரீனின் காப்புத்திறன் குறையலாம்; காற்றும் ஒளியும் பட்ட வைட்டமின் சி சீரம் பழுப்பேறி வீரியமிழக்கும்; ஈர விரலிட்டு எடுக்கும் டப்பியில் நுண்ணுயிர்கள் பெருகும். குளியலறை அலமாரி அவற்றுக்கு உகந்த இடமன்று என்பதை யார், எம்மொழியில் சொல்வது?

இடமில்லை என்பர். மினுமினுப்பை வாக்களிக்கும் சொற்களுக்கு முன்பக்கம் முழுவதும் இடமிருக்கிறதே! காலாவதி நாளும் சேமிப்பு முறையும் விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும் கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும். கலைச்சொல்லாக்கம் பேசும் நம் துறைகள் இக்கோரிக்கையை முன்னெடுக்கட்டும்.