‘ஆண்டவர் சொன்னார்’ என்னும் அதிகாரம்

விவிலியம் எழுதி முடிக்கப்பெற்ற பின்னர், அதற்குப் புறம்பே, கடவுள் மனிதரோடு பேசுவதுண்டா என்னும் வினா கிறிஸ்தவ உலகிற் புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டிலே, சின்னாசியாவின் பிரிகியா நாட்டில் மொந்தானு என்பவனும் பிரிசில்லா, மக்சிமில்லா என்னும் பெண்டிர் இருவரும் தம் வாய்வழியே தூய ஆவியார் பேசுகின்றார் எனச் சாதித்தபோதே இவ்வினா திருச்சபையைப் பிளந்தது. ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று இது வெறும் இறையியல் வினாவன்று. காணாமற்போன மகன் உயிரோடு இருக்கின்றானா, நோயாளி மருந்தை நிறுத்தலாமா, மகளை இன்ன இடத்தில் மணஞ்செய்து கொடுக்கலாமா என்பவற்றுக்கெல்லாம் ‘ஆண்டவர் எனக்குச் சொன்னார்’ என்று விடை கூறுவோர் நம்மிடையே உளர். அவ்விடையை நம்பித் தம் வாழ்வை அமைத்துக்கொள்வோரும் உளர். ஆதலின் இவ்வினாவைப் போதகர்களிடம் விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தார் ஒதுங்கி நிற்றல் பொருந்தாது.

இதற்கு இரு சாரார் இரு விடைகளைத் தருகின்றனர். விவிலியத்தோடு கடவுளின் பேச்சு முற்றுப்பெற்றுவிட்டது என்பர் ஒரு சாரார். நேற்றிரவுகூடக் கடவுள் தம்மோடு பேசினார் என்பர் மற்றொரு சாரார். ஒன்றையொன்று கடுமையாகச் சாடும் இவ்விரு கொள்கைகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. பேச்சே இல்லையாதலின் சோதிப்பதற்கு எதுவுமில்லை என்கின்றது முதலாவது. பேசியவர் கடவுளாதலின் சோதித்தல் தகாது என்கின்றது இரண்டாவது. சோதிக்கும் பொறுப்பினின்றும் நழுவுவதே இரண்டின் பொதுப் பண்பு. அப்பொறுப்பை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் கொள்கையை முதலில் நோக்குவோம். இஃது அறியாமையாற் பிறந்ததன்று. 1640களில் வெஸ்ற்மின்ஸ்ரரிற் கூடிய இறையியலாளர் வகுத்த விசுவாச அறிக்கை, கடவுள் முற்காலத்தில் தம் சித்தத்தை வெளிப்படுத்திய வழிகள் நின்றுவிட்டன என முடிபு கட்டிற்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிசனரிமார் இம்மரபில் ஊறியவர்கள். பேயாட்டம், சகுனம், சாத்திரம் கேட்டல் ஆகியவற்றை மறுப்பதற்கு இக்கொள்கை அவர்களுக்கு வலிய கருவியாயிற்று. நூல் ஒன்றே போதும் என்ற நிலைப்பாடு, நூலை வாசிக்கக் கற்பிக்கும் பள்ளிக்கூடங்களையும் பெற்றெடுத்தது. அந்நன்மையை மறுப்பார் எவருமிலர்.

எனினும், விவிலியத்தை மட்டுமே நம்புவோம் என்போர் அவ்விவிலியம் கூறுவதைக் கேட்டாக வேண்டும். மாந்தர் யாவர்மேலும் ஆவி பொழியப்படும், புதல்வரும் புதல்வியரும் இறைவாக்கு உரைப்பர் என்று பேதுரு எருசலேமில் முழங்கியதை அப்போஸ்தலர் பணிகள் நூல் குறிக்கின்றது. அவ்வாக்கு எந்த ஆண்டில் முடிவுறும் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய மடலிற் பவுல் ஆவியை அணைத்துவிடலாகாது, இறைவாக்கை இகழலாகாது என்கின்றார். உடனேயே அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளவும் பணிக்கின்றார். பேச்சு இல்லாதவிடத்துச் சோதனைக்கு என்ன வேலை?

நடைமுறையிலும் இக்கொள்கை தன்னைத்தானே மறுக்கின்றது. குருப்பணிக்கு வரும் இளைஞனை நோக்கி ‘உன்னைக் கடவுள் அழைத்தாரா?’ என்று வினவாத திருச்சபை இல்லை. அவ்விளைஞனின் பெயர் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை எவ்விடத்தும் இல்லை. ஆயினும் அவன் ‘அழைத்தார்’ என்கின்றான். சபையும் அதனை ஏற்கின்றது. 1824இல் தெல்லிப்பழை, உடுவில் முதலிய நிலையங்களில் மாணவரிடையே பெரும் எழுப்புதல் தோன்றியபோது, அதனைத் தூய ஆவியாரின் நேரடிச் செயல் என்றே மிசனரிமார் தம் நாட்டுக்கு எழுதினர். ஆகவே கடவுள் பேசுவதில்லை என்னும் கொள்கை ஏட்டில் மட்டுமே வாழ்கின்றது. கத்தோலிக்கத் திருச்சபையோ 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், கிறிஸ்துவின் மாட்சிமிகு வருகைக்கு முன் புதிய பொது வெளிப்பாடு எதனையும் எதிர்பார்த்தற்கில்லை எனத் தெளிவுறுத்தியது. தனிமனிதர் பெறும் தனி வெளிப்பாட்டை அத்திருச்சபை அடியோடு மறுப்பதில்லை. ஆராய்ந்த பின்னரே அதற்கு இடமளிக்கின்றது.

இனி இரண்டாவது கொள்கை. ஆராயாது ஏற்றதன் விளைவு யாதென்பதைத் தமிழ், மலையாளக் கிறிஸ்தவ வரலாறே காட்டுகின்றது. 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் என்பாரின் பணியை ஒட்டி ஓர் எழுப்புதல் தோன்றியது. மேனாட்டு மிசனரிமாரின் ஊதியத்தை நாடாது தமிழர் தாமே நடத்திய இயக்கம் அது. அந்நிய மொழி பேசுதல், காட்சி காணுதல், இறைவாக்கு உரைத்தல் ஆகியன அதில் நிகழ்ந்தன. அதன் தாக்கம் மலைகடந்து திருவிதாங்கூரை எட்டியது. அங்கே வித்துவான் குட்டி எனப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திற் பிறந்து 1861இல் திருமுழுக்குப் பெற்று ஆங்கிலிக்கன் குருவானவர். சிறந்த கவிஞர், நேர்மையாளர். 1875இல் அவரும் அவரைச் சூழ்ந்தோரும் கிறிஸ்து 1881ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மீண்டும் வருவார் என அறிவித்தனர். மக்கள் திரளாக அவரைப் பின்பற்றினர். 1881 வந்தது, ஒக்ரோபரும் கழிந்தது. வருகை புலனுக்கு எட்டாத வகையில் நிகழ்ந்துவிட்டது என்று அவ்வியக்கத்தார் பின்னர் விளக்கமளித்தனர்.

இந்நிகழ்ச்சியிற் கருதற்பாலது ஒன்றுண்டு. யுஸ்துஸ் யோசேப்பு இயற்றிய பாடல்கள் கேரளத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவர் குறித்த நாளோ எவராலும் நம்பப்படுவதில்லை. ஒரே மனிதர், ஒரே பக்தி, ஒரே ஆவேசம். பாடல்கள் பாடியோர் நாவிலே தலைமுறை தலைமுறையாகச் சோதிக்கப்பட்டு நிலைத்தன. நாளைச் சோதிப்பதற்கு அவரைச் சூழ்ந்தோர் எவரும் முன்வரவில்லை. ஆகவே ஒருவர் நேர்மையாளர் என்பது அவர் கேட்ட குரல் கடவுளுடையது என்பதற்குச் சான்றாகாது. பொய்யரை இனங்காணுதல் எளிது. தம்மைத் தாமே நம்பும் நல்லவரை எதிர்த்து வினவுதலே அரிது.

நம் மண்ணுக்கு மீள்வோம். வாக்குக் கேட்டல் ஈழத்தமிழர்க்கு நெடுங்கால வழக்கம். கலைவந்து ஆடுவோரிடமும் சாத்திரியாரிடமும் துன்பகாலத்தில் விடைநாடிச் செல்லல் இயல்பாய் இருந்துவந்துள்ளது. போர்க்காலத்தில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம், காணாமற்போனோரைப் பற்றிக் கேட்டறிய மக்கள் சென்றமையை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் ஆராய்ந்து எழுதியுள்ளார். வாய்திறந்து அழவும் அஞ்சிய காலத்தில் அவ்விடங்கள் துயரைச் சொல்ல இடமளித்தன. எனவே அம்மக்களை எள்ளி நகையாடுதல் எமது கருத்தன்று. ஆயின் கிறிஸ்தவத் தீர்க்கதரிசியிடம் செல்வோர் தாம் முற்றிலும் வேறொன்றைச் செய்வதாக எண்ணுகின்றனர். சாத்திரியார் சொன்னது பிழைத்தால் அது சாத்திரியாரின் பிழை. தீர்க்கதரிசி சொன்னது பிழைத்தால் அது கேட்டவளின் விசுவாசக் குறைவு ஆகிவிடுகின்றது. பெயர் மாறியதோடு பொறுப்பும் கைமாறிவிட்டது. இஃது இரக்கமற்ற மாற்றம்.

2009 மேயிற் போர் முடிந்தது. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் அதற்கு முந்திய ஆண்டே நிறைவேற்றப்பட்டிருந்தது, விடையோ வரவில்லை. இத்தகைய தாய் ஒருத்தியிடம் ‘உன் மகன் உயிரோடு இருக்கின்றான், இரண்டு ஆண்டில் வருவான் என்று ஆண்டவர் சொல்கின்றார்’ எனக் கூறுதல் எத்தகைய செயல்? எரேமியா நூலின் இருபத்தெட்டாம் அதிகாரம் இதற்கு விடை தருகின்றது. பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் இரண்டு ஆண்டில் மீள்வர் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி ஆலயத்தில், மக்கள் திரள்முன் ஆண்டவர் பெயரால் அறிவித்தான். அவ்வாறே ஆகுக என்றுதான் எரேமியாவும் முதலில் விரும்பினார், எவர்தாம் விரும்பார்? எனினும் அவர் அதனை ஏற்கவில்லை. சமாதானம் உரைக்கும் தீர்க்கதரிசி, அது நிறைவேறும்போதே உண்மையானவன் என அறியப்படுவான் என்ற அளவுகோலை அவர் மக்கள்முன் வைத்தார். ஆறுதல் தருவது என்பதனால் ஒரு வாக்கு இறைவாக்கு ஆகிவிடாது.

இதிற் பிறிதொரு கேடும் உண்டு. மகன் எங்கே என்னும் வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டது அரசு. அவ்விடையைத் தீர்க்கதரிசி சொல்லிவிடுவாராயின், வினா வீதியினின்றும் செபக்கூட்டத்துக்கு இடம்மாறுகின்றது. பதிலளிக்க வேண்டியோர் நிம்மதியாக உறங்குவர். அதிகாரத்தை நோக்கி வினாவெழுப்புவதே பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியின் தொழில். வினாவை அடக்குவோனை அந்நூல் வேறு பெயரால் அழைக்கின்றது.

அவ்வாறாயின் சோதிப்பது எங்ஙனம்? யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு வரலாறு ஈண்டு வழிகாட்டும். விவிலியத்தின் தமிழ் வடிவம் ஒருவர் கனவிலே ஒரே இரவில் வந்ததன்று. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிசனரி பீற்றர் பேர்சிவலின் தலைமையில் உருவாகி 1850இல் சென்னையில் அச்சேறிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் உழைத்தார். சைவத்தை விட்டு நீங்காத ஒருவரே கிறிஸ்தவ வேதத்தின் தமிழைச் செப்பஞ்செய்தார். அம்மொழிபெயர்ப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரோ முடிந்த முடிபாகாத, பரீட்சார்த்தமான பெயர்ப்பு என்னும் பொருளது. அதுவும் தமிழகத்துச் சபைகளாற் பெரிதும் ஏற்கப்பட்டிலது. மேலும் ஆராய்ந்து, பவர் என்பாரின் தலைமையில் வேறொரு மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையாக வெளிவந்தது. யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், தமிழ் வேதாகமத்தின் இவ்வரலாற்றைத் தனி நூலாகவே 1967இல் எழுதினார். எழுதப்பட்ட இறைவார்த்தையின் தமிழே இத்தனை கைகளில், நம்பாதவர் கையிலுங்கூட, சோதனைக்கு உட்பட்டிருக்க, நேற்றிரவு ஒருவர் காதில் ஒலித்த சொல் எவ்விதச் சோதனைக்கும் அப்பாற்பட்டது என்பது எங்ஙனம் பொருந்தும்?

தமிழ் மெய்யியலும் இதனையே கூறும். சைவசித்தாந்தம் உரை என்னும் அளவையை ஏற்கின்றது. ஆயினும் அதனைக் காண்டல், கருதல் என்னும் அளவைகளோடு ஒருங்கே வைத்து எண்ணுகின்றது. உரைத்தவர் யார், அவர் உரை குற்றமற்றதா என்று ஆராயும் மரபு நமக்குப் புதியதன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலிய மறுப்பு. சோதித்தல் என்ற பெயரால் படித்தோரும் உயர்சாதியாரும் எளியோரின் வாயை அடைப்பர் என்பதே அது. பழைய சபைகளில் வெள்ளாளர் மேலாண்மை கோலோச்சியமை வரலாறு. ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் அங்கு மறுக்கப்பட்ட குரல் புதிய செபக்கூட்டங்களிற் கிடைத்தமையும் உண்மை. இதனை மறுத்துப் பேசுவோர் தம் சபையின் இருக்கை வரிசைகளை முதலில் நோக்குக. ஆயின் இம்மறுப்பு சோதனையை ஒழிப்பதற்கு நியாயமாகாது. சோதிப்போர் யார் என்பதை மாற்றுவதற்கே நியாயமாகும். கொரிந்தியருக்கு எழுதுகையில் இருவர் மூவர் இறைவாக்கு உரைக்க ஏனையோர் நிதானிக்கட்டும் என்றுதான் பவுல் விதிக்கின்றார். கற்றோர் மட்டும் நிதானிக்கட்டும் என்றிலர். வாக்கைக் கேட்ட தாயே அதனை வினவும் முதல் உரிமையுடையவள். மேலும், ஒருவர் மட்டும் பேச ஏனையோர் ‘ஆமென்’ மட்டும் கூறும் கூட்டத்தில் எளியோர்க்குக் குரல் கிடைத்ததென்பது எவ்வளவு தூரம் மெய்?

எனவே யாம் வேண்டுவன நான்கு. ஆண்டவர் சொன்னார் என்போர் தாம் சொன்னதை நாளோடு எழுதிச் சபையின் கையிற் கொடுத்தல் வேண்டும். பிழைத்தால், கேட்டவரின் விசுவாசத்தைக் குறை கூறாது, பேசிய இடத்திலேயே அதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வாக்கினாற் சொன்னவர்க்குக் காணிக்கையோ புகழோ அதிகாரமோ பெருகுமாயின் அவ்வாக்கை ஐயத்தோடு நோக்கல் வேண்டும். மருந்தை விடு, தேடுதலை விடு, வினவுதலை விடு என்று பணிக்கும் வாக்கு எதனையும் ஏற்றலாகாது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தது கடவுளின் பணியாயின், அம்மருந்தை எறியச் சொல்லும் குரல் அதே கடவுளுடையதாதல் இயலாது.

கடவுள் இன்றும் பேசுகின்றாரா? பேசுகின்றார் எனக் கொள்வதற்கு விவிலியமே இடந்தருகின்றது. ஆயின் அவர் பேசினார் என்று உரைக்கும் மனிதர் எவரும் கடவுளல்லர். வினவுவோரை ஆவியை எதிர்ப்போர் என அச்சுறுத்துபவர், தாம் கேட்டது கடவுளின் குரல்தான் என்பதிற் தமக்கே உறுதியில்லை என்பதைக் காட்டிவிடுகின்றார். மெய்யான வாக்கு வினாவுக்கு அஞ்சுவதில்லை.