தவணைத் தேதிக்கு 1,500 சொற்கள்

இந்திய மொழிகளில் இணையதளம் நடத்துவோரிடையே ஒரு வாக்கியம் வேதவாக்காக உலவுகிறது: நல்ல மொழியில் எழுதினால் கூகுளில் மேலே வராது. இந்தியிலும் சொல்கிறார்கள், மராத்தியிலும் சொல்கிறார்கள், தமிழில் சற்று உரக்கவே சொல்கிறார்கள். தேடுசொல்லைத் தலைப்பில் ஒருமுறை, முதல் பத்தியில் ஒருமுறை, பிறகு நூறு சொல்லுக்கு இரண்டு முறை எனச் செருக வேண்டும். கட்டுரை 1,500 சொற்களுக்குக் குறையக் கூடாது. வாசகர் தேடி வந்த விடையை முதலிலேயே கொடுத்துவிடக் கூடாது. 'கன்டென்ட் ரைட்டர்' என்று வேலைக்குச் சேரும் இளைஞருக்கு முதல் வாரத்தில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். இதனால் மொழி கெடுகிறது என்று புலம்புவது எளிது, போதுமான அளவு புலம்பியும் ஆயிற்று. அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. தேடுபொறி எப்படி இயங்குகிறது என்ற தொழில்நுட்பக் கேள்விக்கே இந்தப் பாடம் தவறான விடை.

பி.எம். கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் தகுதியுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் முன்பு நாடெங்கும் ஒரே கேள்வி தேடப்படுகிறது. இந்தியில் 'அக்லீ கிஸ்த் கப் ஆயேகீ', தமிழில் 'அடுத்த தவணை எப்போது'. அரசு தேதியை அறிவிக்கும்வரை இதற்கு நேர்மையான விடை இரண்டே சொற்கள்: இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் தேடியவர் முன் விரியும் பக்கம் விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று தொடங்குகிறது. திட்டத்தின் முழுப்பெயர் வருகிறது, நோக்கம் வருகிறது, பயன்கள் வருகின்றன, நடுநடுவே விளம்பரங்கள் வருகின்றன. ஏழாம் பத்தியில், 'தகவல்களின்படி விரைவில் வரவு வைக்கப்படலாம்' என்ற வரி தலைகாட்டுகிறது. யாருடைய தகவல் என்று எங்கும் இல்லை.

பீகாரிலோ விதர்பாவிலோ ஒரு விவசாயி இதைத் தேடுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் பணம் வந்திருக்கும், அவருக்கு வந்திருக்காது. இ-கேஒய்சி முடியாமல் இருக்கலாம். ஆதார் எண் வங்கிக் கணக்கோடு இணைக்கப்படாமல் இருக்கலாம். நிலப்பதிவேட்டு விவரம் திட்டத் தரவோடு சேர்க்கப்படாமல் இருக்கலாம். குடும்பத்தில் ஒருவர் வருமான வரி கட்டியிருந்தால் தகுதியே போயிருக்கும். நிலம் அவர் பெயரில் இல்லாமல் குத்தகைக்கு உழுபவராக இருந்தால் இத்திட்டம் அவருக்கு இல்லவே இல்லை. அதை ஒருவராவது அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் செல்ல வேண்டிய இடம் வேறு: ஒன்றுக்கு வங்கி, ஒன்றுக்குப் பொதுச் சேவை மையம், ஒன்றுக்கு வருவாய்த் துறை அலுவலகம். இவற்றைப் பிரித்துச் சொல்ல 300 சொற்கள் போதும். 1,500 சொற்களில் இவை இடம்பெறுவதில்லை, ஏனெனில் எழுதியவருக்கு இவை தெரியாது. அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு தேடுசொல் பட்டியலும் மாலை ஐந்து மணி என்ற கெடுவும் மட்டுமே.

இனி அந்த 'நூறு சொல்லுக்கு இரண்டு முறை' கணக்கைப் பார்க்கலாம். 1972இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் எந்த ஆவணத்தையும் அடையாளம் காட்டாது, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே எடை அதிகம் என்பது அதன் சாரம். தகவல் மீட்பியலின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. பின்னர் 1990களில் ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பி.எம்.25 என்ற சூத்திரம் இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்தது. ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் அதனால் கிடைக்கும் மதிப்பெண் குறைந்துகொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஏறாது. ஆவணம் நீண்டால், அதே எண்ணிக்கைக்கு மதிப்பு இன்னும் குறையும். ஆக, சொல்லைத் திணிப்பதும் கட்டுரையை ஊதுவதும் பயன் தராது என்பது கூகுள் பிறக்கும் முன்பே கணிதமாக எழுதி வைக்கப்பட்டுவிட்டது. கூகுள் 1998இல் பிறந்தது. 2011இல் பாண்டா என்ற மாற்றத்தால் சரக்கற்ற பக்கங்களைக் குவித்து வைத்திருந்த தளங்களைக் கீழே தள்ளியது. தனக்கென்று விருப்பமான சொல் எண்ணிக்கை எதுவும் இல்லை என்று தன் வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. உறுதிப்படாத வெளியீட்டுத் தேதியை உறுதியானதுபோல் காட்டுவதையும், உள்ளடக்கத்தை மாற்றாமல் பக்கத்தின் தேதியை மட்டும் புதுப்பிப்பதையும் செய்யக் கூடாதவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. தவணைப் பக்கங்கள் இந்த இரண்டையும் ஆண்டுக்கு மூன்று முறை செய்கின்றன.

மொழியியல் நோக்கில் இன்னொரு கேடு நடக்கிறது. தேடுபவர் வாக்கியமாகத் தட்டச்சு செய்வதில்லை. 'பிஎம் கிசான் அடுத்த தவணை தேதி' என்று வேற்றுமை உருபு இல்லாத சொற்களை அடுக்குகிறார். கைப்பேசியில் அது இயல்பு, குற்றமில்லை. எழுதுபவர் அந்த அடுக்கை உடைக்க அஞ்சி, 'பிஎம் கிசான் அடுத்த தவணை தேதி பற்றி அறிய, பிஎம் கிசான் அடுத்த தவணை தேதி விவரங்களை இங்கே காணலாம்' என்று அப்படியே வாக்கியத்துக்குள் ஆணியடிக்கிறார். 'திட்டத்தின் அடுத்த தவணை வரும் நாள்' என்று எழுதினால் இயந்திரத்துக்குப் புரியாது என்ற அச்சம்தான் காரணம். உருபேற்றும் மொழிகளில் ஒரு பெயர்ச்சொல் பல வடிவங்களில் வரும் என்பதைத் தேடுபொறி கற்றுக்கொள்ளத் தொடங்கி வெகுகாலமாகிறது. சொற்களை அவற்றின் சூழலோடு சேர்த்துப் படிக்கும் பெர்ட் என்ற மாதிரியை 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலில் புகுத்திய கூகுள், அதே ஆண்டு டிசம்பரில் இந்தி, தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. இயந்திரம் இலக்கணத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது, எழுதுபவர் இலக்கணத்தை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் அந்தப் பக்கங்கள் முதலிடத்தில் நிற்பது எப்படி என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான், தொழிலில் இருப்போர் வெற்றிப் புன்னகையோடு கேட்பதும் இதுவே. ஆங்கிலத்தில் ஒரு நோயைப் பற்றித் தேடினால் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் எழுதிய பக்கங்களோடு போட்டியிட்டுத்தான் எவரும் மேலே வர முடியும். மைதிலியிலோ ஒடியாவிலோ தமிழிலோ அதே கேள்விக்கு உருப்படியான பக்கங்கள் மிகக் குறைவு. அரசுத் தளங்களின் இந்திய மொழிப் பதிப்புகளில் பாதி வழியில் ஆங்கிலம் தலைநீட்டும். பயனுள்ள செய்தி படமாக மாற்றிய சுற்றறிக்கைக்குள் கிடக்கும். காலி அலமாரியில் எந்தப் புத்தகத்தை வைத்தாலும் அது முதல் புத்தகம்தான். போட்டி இல்லாததால் கிடைத்த இடத்தைத் தன் உத்தியின் சாதனை என்று எண்ணிக்கொள்வதும், அதையே பயிற்சி வகுப்பாக்கிப் பணத்துக்கு விற்பதும்தான் இத்துறையின் மிகப் பெரிய ஏமாற்று.

எதிர்முனையில் நிற்கும் தூய்மைவாதிகளும் இதில் உதவவில்லை. ஊரில் எல்லோரும் 'கேஒய்சி' என்று சொல்லும்போது அகராதியில் தேடி எடுத்த நான்குசொல் தொடரைத் தலைப்பில் வைப்பது வாசகரை வெளியே நிறுத்திக் கதவடைப்பதாகும். மக்கள் வாயில் புழங்கும் சொல் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எந்தச் சொல் என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அந்தச் சொல்லை எப்படி வாக்கியத்தில் நிறுத்துவது என்பது மட்டுமே எழுதுபவரின் வேலை. கூகுளையும் நீதிதேவதையாகக் காட்ட வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு, சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய சிறு தளங்கள் பலவும் வாசகரை இழந்ததாக உலகெங்கும் புகார் எழுந்தது. நல்லது எழுதினால் மேலே வந்தே தீரும் என்று எவரும் உறுதி தர முடியாது. இன்று மேலே நிற்கும் சக்கை, அதைவிட நல்ல பக்கம் ஒன்று வரும் நாள்வரைதான் நிற்கும் என்பதைச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அதே சக்கையை ஒரு நாளைக்கு ஆயிரம் பக்கமாக உற்பத்தி செய்ய முடிகிற இக்காலத்தில், 2024 மார்ச்சில் கூகுள் அத்தகைய மொத்த உற்பத்தியைக் குப்பை என்று விதியாகவே எழுதிவிட்ட பிறகு, சொல் எண்ணிக்கையை மட்டும் நம்பி இருக்கும் தளத்துக்குத் தனக்கென்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

பழி எழுதுபவர் மேல் மட்டும் விழக் கூடாது. சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி பேசப்படும் வரை, 300 சொற்களில் விடை சொல்பவர் தன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கை இழக்கிறார். வருவாய்த் துறை அலுவலரை அழைத்து ஒரு ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளச் செலவிடும் அரை மணி நேரத்துக்குக் கூலியே இல்லை. ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்துத் தட்டிக் கொட்டுவதற்குக் கூலி உண்டு. தளத்தின் உரிமையாளர் அந்த அரை மணி நேரத்துக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினால், நிலப்பதிவேடு சேராதவர் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற வரி பக்கத்தில் இடம்பிடிக்கும். இப்போது நடப்பது வேறு. தவணை வந்து முடிந்ததும் பக்கத்தின் தேதி மாற்றப்படுகிறது, தலைப்பில் தவணை எண் ஒன்று கூட்டப்படுகிறது, விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்ற முதல் வரி அப்படியே இருக்கிறது.