பழகத் தெரியாதவர்களா?

ஆசிரியருக்கு,

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். பயிற்சி கொடுத்தால் எல்லாரையும் போலப் பழகிவிடுவார்கள் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. என் தம்பி கல்யாண வீட்டில் ‘வாங்க, வாங்க, பிரயாணம் சௌகரியமா?’ என்று பிசகில்லாமல் விசாரிப்பான். கண்ணைப் பார்ப்பதற்குப் பதில் புருவ மத்தியைப் பார்ப்பது அவனே கண்டுபிடித்த உபாயம். ‘நல்லாத்தானே இருக்கான்!’ என்பார்கள் உறவினர்கள். மறுநாள் முழுக்க அவன் அறைக்கதவு திறக்காது. அதே ஆள், தன்னைப் போலவே ஆட்டிசம் உள்ள நண்பர் ஒரு பழைய வால்வு ரேடியோவோடு வந்துவிட்டால் சாப்பாட்டை மறந்து பேசுவான். அங்கே நலம் விசாரிப்பும் இல்லை, முகம் பார்ப்பதும் இல்லை.

ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரு தரப்பிலும் புரியாமை உண்டு என்று 2012-இல் எழுதினார் பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ளவரே. 2020-இல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வில், ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசை மற்றவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன.

மரியாதை சொல்லித்தர வேண்டாம் என்பதல்ல என் வாதம். வங்கியிலும் ரேஷன் கடையிலும் அது கைகொடுக்கிறது. ஆனால் நடிப்பு சரளமாக ஆக, ‘இவனுக்கு என்ன உதவி வேண்டியிருக்கு?’ என்று கேட்பவர்கள் பெருகுகிறார்கள். கட்டுரை அதையும் தொட்டிருக்கலாம்.

ஒரு வாசகி,
கும்பகோணம்