ஒண்ணரை மணி நேர கனெக்‌ஷன் போட்டு அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க

1/
வெளிநாட்டுல இருக்கற நம்ம ஊர் பிள்ளைகளுக்கு ஒரு நீளமான த்ரெட். கோயமுத்தூர்ல இருந்து உங்க அம்மாவையோ அப்பாவையோ முதல் தடவையா தனியா ஃப்ளைட் ஏத்தி, நடுவுல ஒரு ஊர்ல மாறிப் போக விடப் போறீங்கன்னா முழுசா படிங்க. கொஞ்சம் கோவமாத்தான் எழுதறேன்.

2/
நான் போத்தனூர்க்காரன், அரசு மருத்துவமனை டாக்டர். ஓபி-ல இப்போ அடிக்கடி கேக்கற ஒரு வரி: "சார், அம்மாவுக்கு நாளன்னைக்கு ஃப்ளைட்டுங்க, ஃபிட்னஸ் சர்டிபிகேட் ஒண்ணு வேணும்." அம்மா பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க. அறுபதைத் தாண்டின வயசு. சர்க்கரை, பிரஷர், முழங்கால் தேய்மானம். மக பேறுகாலத்துக்குப் போறாங்க. ஏர்போர்ட்டுக்குள்ள கால் வெச்சதே இல்லை.

3/
"நடுவுல எங்க மாறணும், எவ்வளவு நேரம் இருக்கு?"ன்னு கேப்பேன். "ஒண்ணரை மணி நேரங்க சார். வீல்சேர் போட்டாச்சு, அவங்களே கூட்டிட்டுப் போயிருவாங்க." இந்த பதில்தான் எனக்கு பிரஷர் ஏத்துது. அந்த டிக்கெட் ஒரு மருந்துச்சீட்டு மாதிரி. அம்மா எப்போ சாப்பிடணும், எப்போ மாத்திரை போடணும், எவ்வளவு தூரம் நடக்கணும், எப்போ பாத்ரூம் போகணும்னு எல்லாத்தையும் அதுதான் முடிவு பண்ணுது. எழுதினவர் பாத்தது விலையை மட்டும்.

4/
கோவையில இருந்து நேரா வெளிநாடு போற ஃப்ளைட்டை விரல் விட்டு எண்ணிடலாம். சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபின்னு சில ஊருங்க. அமெரிக்கா, லண்டன், மெல்போர்ன் எதுவா இருந்தாலும் எங்கயாவது மாறித்தான் ஆகணும். அதுல தப்பில்லை. எந்த ஊர்ல, எவ்வளவு நேரம் வெச்சு மாறறோம்ங்கறதுதான் பிரச்சனை.

5/
"அம்மா அதிகம் படிக்கலை சார், அதான் பயப்படறாங்க"ன்னு சொல்லாதீங்க. வண்டி மாறறது நம்ம ஊருக்குப் புதுசா? 1873-ல மேட்டுப்பாளையம் லைன் வந்ததுல இருந்து நீலகிரி போறவங்க போத்தனூர்லதான் மாறிப் போனாங்க. உங்க அம்மா ஈரோட்டுல இறங்கி கரூர் வண்டி பிடிச்சு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவங்க. ஒரு கையில பையும் இன்னொரு கையில உங்களையும் பிடிச்சுட்டு!

6/
ஆனா ரயில்ல ஒரு வண்டி போயிட்டா அடுத்த வண்டி. டீக்கடைக்காரர்கிட்ட தமிழ்ல கேட்டா வழி சொல்லுவார். ஏர்போர்ட்ல இது ரெண்டும் இல்லை. அங்க வேண்டியது நேரம். நிதானமா போர்டு பாத்து, நாலு பேர்கிட்ட கேட்டு, தப்பான பக்கம் போயிட்டாக்கூட திரும்பி வர்ற அளவுக்கு நேரம்.

7/
ஒண்ணரை மணி நேரம்னா 90 நிமிஷம். கணக்குப் போடலாம் வாங்க.
அடுத்த ஃப்ளைட் கேட்டை பொதுவா 20, 25 நிமிஷம் முன்னாடியே மூடிடுவாங்க. மிச்சம் 65.
வீல்சேர் கேட்டவங்களைக் கடைசியாத்தான் இறக்குவாங்க. எல்லாரும் இறங்கி, சேர் வர்றதுக்கு அரை மணி நேரம் வெச்சுக்கங்க. மிச்சம் 35.
இதுக்குள்ள செக்யூரிட்டி வரிசை, பாத்ரூம், அடுத்த கேட்டுக்கான தூரம். முதல் ஃப்ளைட் அரை மணி லேட்னா மிச்சம் 5.

8/
"முடியாதுன்னா ஏர்லைன் எப்படி சார் அந்த டிக்கெட்டை விக்கும்?" நல்ல கேள்விங்க. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் குறைந்தபட்ச மாறும் நேரம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அதுக்குக் கீழ போனா விக்க மாட்டாங்க. குறைந்தபட்சம்ங்கற வார்த்தையைக் கவனிங்க. வழி தெரிஞ்ச, கால் நல்லா இருக்கற ஆளுக்குப் போதும்ங்கற கணக்கு அது. உங்க அம்மாவோட முழங்கால் எக்ஸ்ரேயைப் பாத்து யாரும் அதைப் போடலை.

9/
"நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன்." ஆமாங்க, அப்போ உங்களுக்கு 22 வயசு. இங்கிலீஷ் தெரியும். ஃப்ளைட் போயிருந்தா தரையில படுத்துத் தூங்கியிருப்பீங்க. அம்மா இன்சுலின் போடறவங்க.

10/
"வீல்சேர் போட்டாச்சு." இதுதான் பெரிய மூடநம்பிக்கை. நடந்த சம்பவம் ஒண்ணைச் சொல்றேன். 2024 பிப்ரவரி 12. நியூயார்க்ல இருந்து மும்பை வந்த ஏர் இந்தியா ஃப்ளைட்ல ஒரு வயசான தம்பதி. ரெண்டு பேருக்கும் வீல்சேர் பதிவு பண்ணியிருந்தாங்க. வந்தது ஒண்ணு. மனைவியை அதுல உக்கார வெச்சுட்டு 80 வயசுக் கணவர் கூடவே நடந்தார். இமிக்ரேஷன் பக்கம் போய் சரிஞ்சார். இறந்துட்டார்.

11/
தேவை அதிகமா இருந்ததால இன்னொரு சேர் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொன்னோம், அவர்தான் மனைவியோட நடந்து போறேன்னுட்டார்னு ஏர்லைன் சொன்னாங்க. டிஜிசிஏ ஏத்துக்கலை. 30 லட்சம் அபராதம் போட்டாங்க. சரியான தண்டனைதான், கம்மின்னுகூட சொல்லுவேன். ஆனா அபராதம் கட்டினதால அவர் எந்திரிச்சு வரலை.

12/
அவருக்குப் பிடிக்க வேண்டிய ஃப்ளைட்னு ஒண்ணு இருந்த மாதிரி செய்தியில இல்லை. அப்படியும் காத்திருக்காம நடந்தார். அடுத்த ஃப்ளைட் கிளம்பப் போகுதுங்கற பதட்டத்துல இருக்கற உங்க அம்மா காத்திருப்பாங்களா? வீல்சேர் இலவச உரிமை, 48 மணி நேரம் முன்னாடியே சொல்லி வாங்குங்க. அதை நம்பி நேரத்தை வெட்டாதீங்க. நல்லா நடக்கறவங்களுக்கு "வழி காட்ட ஆள் கிடைக்கும்"னு வீல்சேர் போடறவங்களுக்கும் ஒண்ணு: அந்த 80 வயசுக்காரருக்கு வராத சேர்ல யாரோ உக்காந்திருந்திருப்பாங்க. வழி காட்ட மட்டும் ஆள் வேணும்னா அப்படியே சொல்லிக் கேளுங்க. பல ஏர்லைன்ல அதுக்குத் தனி உதவி இருக்கு.

13/
இப்போ டாக்டரா பேசறேன். இந்த அவசரம் உடம்புல என்ன பண்ணும்?

முதல்ல தண்ணி. நம்ம அம்மாக்கள் வெளியூர் பஸ்ல போனாலே தண்ணி குடிக்க மாட்டாங்க, பாத்ரூமுக்குப் பயந்து. ஃப்ளைட்ல இன்னும் மோசம். கதவு எப்படித் திறக்கறதுன்னு தெரியாது, கேக்க வெக்கம். மாறற இடத்துலயும் நேரம் இல்லை. நீர் பிரியற பிரஷர் மாத்திரையையும் நிறுத்திடுவாங்க. 20 மணி நேரம் இப்படிப் போனா தலைசுத்தல், மயக்கம், நீர்க்கடுப்பு எல்லாம் வரும்.

14/
ரெண்டாவது சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு சாப்பாடு தள்ளிப் போனா லோ சுகர் ஆகும். வேர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு. ஊர்ல இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்க சர்க்கரைத் தண்ணி குடுப்பாங்க. பாஷை தெரியாத ஏர்போர்ட்ல "இந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியலை"ன்னு நினைச்சுட்டு நகர்ந்து போயிடுவாங்க. மாறற இடத்துல உக்காந்து சாப்பிட அரை மணி நேரம் கட்டாயம் வேணும்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

15/
மூணாவது காலும் நுரையீரலும். நாலு மணி நேரத்துக்கு மேல உக்காந்த இடத்துலயே பயணம் பண்ணினா கால் நரம்புல ரத்தம் கட்டற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2007 ஆய்வு சொல்லுது. பயப்படாதீங்க, ஆரோக்கியமானவங்கள்ல சுமார் 6000 பேர்ல ஒருத்தருக்குத்தான். உடல் பருமன், சமீபத்துல ஆபரேஷன், முன்னாடியே ரத்தக்கட்டு வந்தவங்களுக்கு அதிகம். இதுக்கு எளிய மருந்து நடை. மாறற இடத்துல நேரம் இருந்தா நடப்பாங்க. இல்லைன்னா சீட்ல இருந்து சேருக்கு, சேர்ல இருந்து மறுபடி சீட்டுக்கு.

16/
ஃப்ளைட்டுக்குள்ள காத்து அழுத்தம் 6000 முதல் 8000 அடி உயரத்துல இருக்கற மாதிரி. ஊட்டி சுமார் 7350 அடி. அதாவது அம்மா ஊட்டியில உக்காந்து பத்து பதினஞ்சு மணி நேரம் மூச்சு விடறாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மாடி ஏறவோ சமதரையில 50 மீட்டர் நடக்கவோ மூச்சு வாங்குதுன்னா, டிக்கெட்டுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. கடுமையான ரத்தசோகை, சமீபத்திய ஹார்ட் அட்டாக், ஆபரேஷன் இருந்தாலும் அப்படித்தான்.

17/
கோவையில கண் ஆபரேஷன் பண்ணினவங்க ஒண்ணு கேட்டுக்கங்க. கேட்டராக்ட் பெரும்பாலும் பிரச்சனை இல்லை. விழித்திரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் வெச்சிருந்தா, அது முழுசா கரையற வரைக்கும் பறக்கவே கூடாது. உயரத்துல அந்த கேஸ் விரியும், பார்வையே போகலாம். உங்க கண் டாக்டர் எழுதிக் குடுத்த பிறகுதான் டிக்கெட்.

18/
சரி, என்னதான் பண்றது? விலையைப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

அ. மாற குறைஞ்சது மூணரை, நாலு மணி நேரம். இந்தியாவுலயே மாறி அங்க இமிக்ரேஷன் முடிக்கறதா இருந்தா நாலு, அஞ்சு. ராத்திரி பூரா பெஞ்ச்சுல உக்கார வெக்கற பத்து மணி நேரமும் வேண்டாம்.
ஆ. ஒரே டிக்கெட், ஒரே பிஎன்ஆர். ரெண்டு தனி டிக்கெட்டா வாங்கினா முதல் ஃப்ளைட் லேட்டானதுக்கு ரெண்டாவது ஏர்லைன் பொறுப்பில்லை. பெட்டியையும் அம்மாவே எடுத்து மறுபடி போடணும்.
இ. ஒரே டெர்மினலான்னு பாருங்க. மும்பை டி1, டி2-வும் டெல்லி டி1, டி3-யும் பேருக்குத்தான் ஒரே ஏர்போர்ட். நடுவுல ரோட்ல வண்டி பிடிச்சுப் போகணும்.
ஈ. சில நாட்டுல ஃப்ளைட் மாறவே விசா வேணும். முன்னாடியே பாத்துக்கங்க.

19/
அமெரிக்கா போறவங்களுக்கு: பொதுவா முதல்ல இறங்கற ஊர்லயே இமிக்ரேஷன். பெட்டியையும் அங்கயே எடுத்து மறுபடி போடணும், கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டிருந்தாலும். திரும்பி வரும்போது இந்தியாவுலயும் பொதுவா இதே கதைதான். "பெட்டி தானா வந்துரும்"னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. எங்க தானா வரும், எங்க வராதுன்னு தாள்ல எழுதிக் குடுங்க.

20/
மருந்து விஷயம்:
மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில. பெட்டிக்குள்ள போட்டா இன்சுலின் உறைஞ்சு கெட்டுப் போகலாம், பெட்டியும் தொலையலாம்.
பாதி வெட்டின அட்டை, காகிதக் கவர்ல உதிரி மாத்திரை வேண்டாம். பேர் தெரியற முழு அட்டை. கூட இங்கிலீஷ்ல மருந்துப் பேர் எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு.
சாப்பாடு கண்ணு முன்னாடி வந்த பிறகுதான் இன்சுலின்.
பையில சர்க்கரை பாக்கெட், ஆரஞ்சு மிட்டாய், ரெண்டு வேளைக்கு எதாவது தின்ன.
நேர வித்தியாசத்துக்கு டோஸ் மாத்தறதை வாட்ஸ்அப்ல கேக்காதீங்க, நேர்ல வாங்க.

21/
வளைகுடா வழியா போறவங்க கவனிங்க. டிராமடால் மாதிரி வலி மாத்திரை, சில தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரைக்கு அமீரகத்துல கடும் கட்டுப்பாடு. முன் அனுமதி இல்லாம கொண்டு போகாதீங்க. கசகசா அங்க தடை. அம்மா குழம்புப் பொடி அரைச்சுக் கட்டிட்டு இருப்பாங்க, அதுல கசகசா இருக்கான்னு கேளுங்க. பொள்ளாச்சிக் கொப்பரையும் ஃப்ளைட்டுக்கு ஆகாது, சீக்கிரம் தீப்பிடிக்கற பொருள். பவர் பேங்க் கைப்பையில மட்டும்.

22/
இனி அம்மாவைத் தயார் பண்ற வேலை. யூட்யூப் லிங்க் அனுப்பறது தயாரிப்பு இல்லைங்க. ஒரு மாசம் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்க, கடைசி வாரம் கைப்பையோட. முடிஞ்சா ஒரு தடவை கோவை–சென்னை ஃப்ளைட்ல தனியா போயிட்டு வரட்டும். செக்யூரிட்டி, போர்டிங் பாஸ், பெல்ட், பாத்ரூம் கதவு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல பழகிரும். ஃப்ளைட் பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ணினா பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம்னு முன்னாடியே சொல்லுங்க. சின்ன விஷயம்தான். இதுக்குப் பயந்துதான் தண்ணி குடிக்காம இருக்காங்க.

23/
போனை நம்பாதீங்க. ரோமிங் இல்லாத சிம், நிறைய இடத்துல ஓடிபி வந்தாத்தான் வேலை செய்யற வைஃபை, சார்ஜ் தீர்ந்த பேட்டரி. ஒரு தாள், ரெண்டு பிரதி: ஒரு பக்கம் தமிழ்ல "இங்க இறங்கி, இந்த நம்பர் கேட்டுக்குப் போகணும், கேட் மாறலாம், போர்டு பாருங்க". இன்னொரு பக்கம் இங்கிலீஷ்ல "எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், இந்த ஃப்ளைட்டுக்கு மாறணும், எனக்கு இந்த நோய் இருக்கு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க". அந்தத் தாளை யார்கிட்டயும் நீட்டலாம், அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லிக் குடுங்க.

24/
உங்க கஷ்டமும் எனக்குத் தெரியும். லீவு கிடையாது, வாடகை, டெலிவரி தேதி நெருங்குது, டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறுது. அம்மாவுக்கும் அது தெரியும். அதனாலதான் "எனக்கு ஒண்ணும் ஆகாது சாமி, விலை கம்மியா இருக்கறதையே போடு"ன்னு சொல்லுவாங்க. எதுக்குமே வேணும்னு கேட்டுப் பழகாதவங்ககிட்ட சம்மதம் வாங்கிட்டு, "அம்மாவே ஓகே சொல்லிட்டாங்க சார்"னு என்கிட்ட வந்து சொல்லாதீங்க.

25/
அவங்க அங்க வர்றது சுத்திப் பாக்க இல்லை. உங்க குழந்தையைக் குளிப்பாட்ட, பத்தியச் சாப்பாடு ஆக்க, ஆறு மாசம் உங்க வீட்டைத் தாங்க. அந்த வேலைக்கு அங்க ஆள் வெச்சா எவ்வளவு ஆகும்னு உங்களுக்கே தெரியும். அதுல ஒரு துளிதான் நல்ல கனெக்‌ஷனுக்கான அதிக விலை.

26/
கடைசியா, பணம் கட்டற பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அம்மாவை ஒரு தடவை ஓபி-க்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் சர்டிபிகேட் கேட்டு இல்லை, ஒரு மாசம் முன்னாடி, டிக்கெட்டோட தாளைக் கையில வெச்சுட்டு. எந்த அரசு ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி. காசு கேக்க மாட்டோம்.