தீ பிடித்தால் முதல் 5 நிமிடம் யார் கையில்?

தெருவுக்குத் தெரு பயிற்சி நடக்குமா?

சென்னை,
தீ பிடித்தால் ஊர் செய்வது ஒன்றுதான். 101-க்குப் போன் போடும். பிறகு தெருமுனையைப் பார்த்தபடி நிற்கும். வண்டி வருவதற்குள் பாதி சாம்பல்!

குற்றம் தீயணைப்புப் படை மீதா? இல்லை. மணி அடித்ததும் வண்டி கிளம்பி விடுகிறது. ஆனால் சவுகார்பேட்டை சந்துகளில் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு. அவ்வளவு பெரிய வண்டி எப்படி நுழையும்? ஆக, முதல் 5 நிமிடம் பக்கத்தில் நிற்பவர் கையில்தான்.

அவருக்கு என்ன தெரியும்? அங்கேதான் சிக்கல்.

ஒரே ஆண்டில் இரண்டு

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் தீ. மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல் பலி. ஆறு மாதம் கூட ஆகவில்லை. ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் தீ. 94 பிஞ்சுகள் கருகின. இரண்டு இடத்திலும் எரிந்தது கீற்று. இரண்டு இடத்திலும் தப்பிக்கும் வழி குறுகல். ஜனவரியில் படித்த பாடம் ஜூலைக்குள் கும்பகோணம் போய்ச் சேரவில்லை!

பாடம் சொல்ல ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அந்த நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. மைதானத்தில் செயல் விளக்கம், கைதட்டல். ஆனால் அந்த நேரத்தில் கடைப் பையன் கல்லாவில், இல்லத்தரசி அடுப்படியில். பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பதில்லை.

யாரோடு யார்?

படையிடம் அனுபவம் இருக்கிறது. வீடு வீடாகப் போக ஆள் போதாது. வியாபாரிகள் சங்கத்துக்குக் கடை கடையாகத் தெரியும். கேஸ் சிலிண்டர் போடுபவர் ஒவ்வொரு அடுப்படி வாசலுக்கும் போகிறார். மகளிர் குழு கூட்டம் போடுகிறது. பள்ளிப் பிள்ளை கேட்டதை வீட்டில் ஒப்பிக்கிறது. இவர்களைப் படையோடு சேர்த்தால் போதும். புதிதாக இலாகா வேண்டாம்.

சொல்ல வேண்டியதும் மலையல்ல. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே. ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதே. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடு. கரன்டுத் தீ என்றால் முதலில் மெயினை அணை. புகை சூழ்ந்தால் குனிந்து, தவழ்ந்து வெளியே போ. துணியில் தீ பிடித்தால் ஓடாதே, தரையில் உருளு. சுட்ட இடத்தில் மையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டு.

அரை மணி நேரப் பாடம்!

ஏன் கூப்பிடுவதில்லை?

பயம்தான் காரணம். "படைக்காரரைக் கூப்பிட்டால் லைசென்ஸ் கேட்பாரே, மாடிப்படியில் அடுக்கிய மூட்டையைப் பார்ப்பாரே" என்று கடைக்காரர் தயங்குகிறார். மூட்டை வைத்தது தப்புதான். சோதனையும் அவசியம்தான். ஆனால் பாடம் நடத்தும் நாளும் சோதனை போடும் நாளும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்காது. பாடத்துக்கு ஒரு நாள், சோதனைக்கு வேறு நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தயக்கம் பாதி தீரும். பாடம் கேட்டவர் மூட்டையைத் தானே நகர்த்தினாலும் ஆச்சரியமில்லை.

2017 மே 31-ல் தி.நகரில் 7 மாடி ஜவுளிக்கடை எரிந்தது. பிடித்தது அதிகாலை. அதுவே பண்டிகை மாலையாக இருந்திருந்தால்? நினைத்தாலே குலை நடுங்குகிறது.

எத்தனையோ கடைச் சுவர்களில் சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது. பின்னைப் பிடுங்கி, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து அடிக்கத் தெரிந்த கை ஒரு கடையில் எத்தனை? இன்று ராத்திரி ஷட்டரை இறக்குமுன் முதலாளிகள் எண்ணிப் பார்க்கட்டும்.