எட்டு எம்.எம். சல்லடையும் நால்வரில் ஒருவரும்

போடியில் ஏலக்காயைத் தரம் பிரிப்பது சல்லடை. 8 எம்.எம். சல்லடையில் தங்கும் காய்க்கு ஒரு விலை, அதில் விழுந்து 7-ல் தங்குவதற்கு வேறு விலை. ஆனால் சல்லடைக்கு நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. அதனால்தான் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஏலத்தில் யாரும் விலை கேட்பதில்லை.

இதே ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போக நினைக்கும் பையன்களுக்கு வேறொரு சல்லடை. முதலில் கணினிவழித் தேர்வு, அப்புறம் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில், இவற்றைத் தாண்டி நான்காண்டு பணி செய்தவர்களையும் மறுபடி சலிப்பார்கள். அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் படையில் தொடர இடம்.

இந்தத் திட்டம் 'அனைத்திந்திய, அனைத்து வகுப்பு' என்ற முறையில் ஆளெடுப்பதாகவும் சொல்கிறது. குலமும் வட்டாரமும் பார்த்துப் படைப்பிரிவை நிரப்பிய பழக்கம் போவது நல்லதுதான். அந்தப் பழக்கத்தின் சூடு தெற்கத்தியர் கண்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், இவர்கள் வடக்கத்தி வீரர்களுக்கு ஈடாக மாட்டார்கள் என்று முடிவு கட்டினார். 'போர்க்குடி' என்ற பெயரில் அந்த எண்ணம் கொள்கையாகி, தெற்கில் ஆளெடுப்பு சுருங்கியது. 1758-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் மதராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்கள் 1920களிலிருந்து கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் அதே ஊர்க்காரர்கள் மறுபடி போருக்குத் தகுதியானார்கள்!

எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால் அளவுகோல் தானாக நேராகிவிடுமா?

ஆகாது என்பதற்குச் சான்று நம் உச்ச நீதிமன்றத்திலேயே இருக்கிறது. பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ராணுவம் ஆண்களுக்குரிய அளவுகோலையே எடுத்து நீட்டியது. பார்வைக்குச் சமம்தான். ஆனால் பெண்களைப் பற்றிய ஆண்டுப் பணி அறிக்கைகள், 'இவர்களுக்கு நிரந்தரப் பணியே இல்லை' என்ற நினைப்பில் ஏனோதானோவென்று எழுதப்பட்டவை. பணியின் 5-ஆவது அல்லது 10-ஆவது ஆண்டுக்குப் பிந்தைய சாதனைகள் கணக்கில் வரவில்லை. உடல்தகுதியை மட்டும் நாற்பதைத் தாண்டிய வயதில் அளந்தார்கள். ஆண்களுக்கு அந்தச் சோதனை இளம் வயதிலேயே முடிந்திருந்தது. லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில், 2021 மார்ச் 25 அன்று, இது மறைமுகப் பாகுபாடு என்றது நீதிமன்றம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். படைகளில் நிறப் பாகுபாட்டை நீக்கும் ஆணை 1948-லேயே பிறந்தது. ஆனால் பதவி உயர்வு வாரியங்களின் மேசையிலிருந்து, அதிகாரிகளின் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும் புகைப்படத்தைத் தரைப்படை எடுத்தது 2020-ல்தான்.

அக்னிபத்தில் சேரும் போடிப் பையனை மதிப்பிடப்போகும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தி சரளமாக வராத தயக்கம், திறமைக் குறைவாகப் பதிவாகிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது சேரும் நாளிலேயே அவனுக்குத் தெரிய வேண்டும். ஆண்டுதோறும் பெற்ற மதிப்பெண் அவன் கைக்கு வர வேண்டும். தவறென்றால் முறையிட, அந்த மதிப்பெண்ணைப் போட்டவரல்லாத ஒருவர் இருக்க வேண்டும். தரைப்படையின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியது. அவர்களைச் சலித்தெடுக்கும் நேரம் 2026 முடிவையொட்டி வருகிறது. மதிப்பெண் தாளை அதற்கு முன்பே அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.