வீட்டில் ஆசிரியராகுமுன்

பிள்ளையின் அறிவை அளப்பதற்குப் பரீட்சைகள் பல உள. பிள்ளைக்குக் கற்பிக்க முன்வரும் தாயையோ தந்தையையோ அளப்பதற்கு ஒன்றேனும் இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பெருந்தொற்றின் காரணமாக நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பெற்றோர் பலர் எதிர்பாராமலே ஆசிரியராயினர். அதனைச் சுமையெனக் கருதியோர் உளர். வீட்டிலேயே தொடர்ந்து கற்பித்தால் என்ன என்று எண்ணத் தொடங்கியோரும் உளர். பின்னவர்கள் பாடநூலைக் கையிலெடுக்குமுன் தம்மைத் தாமே சற்றுப் பரிசோதித்துக் கொள்ளுதல் நலமென நாம் கருதுகிறோம். அதற்கு இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு தந்தையின் வரலாறு உதவும்.

ஜோன் ஸ்டுவர்ட் மில் என்னும் தத்துவஞானி 1806ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிற் பாடசாலைக்கே அனுப்பப்படாதவர். தந்தை ஜேம்ஸ் மில்லே அவருக்கு ஆசான். மூன்று வயதிற் கிரேக்கம். எட்டு வயதில் இலத்தீன். தந்தையார் அக்காலத்தில் இந்திய வரலாற்றைப் பெருநூலாக எழுதிக் கொண்டிருந்தார். (இந்தியாவை ஒருநாளும் காணாமலே அதனை எழுதினார் என்பது வேறு கதை.) அவர் எழுதும் அதே மேசையில் மைந்தனும் அமர்ந்து படிப்பான். கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறும் அகராதி இல்லாத காலமாதலால், அறியாத சொல் ஒவ்வொன்றையும் தந்தையிடமே கேட்பான். இயல்பிற் பொறுமை மிகக் குறைந்தவராகிய அவர், எழுத்தை நிறுத்தி விடை கூறுவார். காலையில் உலாவச் செல்கையில், முதல்நாட் படித்தவற்றை மைந்தன் சொல்லக் கேட்டுக்கொண்டே நடப்பார். தமது நேரத்தை இவ்வளவு தாராளமாகப் பிள்ளைக்கு ஈந்த தந்தையர் மிகச் சிலரே.

அவருடைய குறைகளையும் மைந்தனே தமது சுயசரிதையிற் கூறுகிறார். அந்நூல் அவர் மறைந்த 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயர்கணிதத்தில் தாம் முன்பு கற்றவற்றைத் தந்தையார் பேணி வைத்திருக்கவில்லை. மீண்டும் கற்க நேரமும் இல்லை. ஆகவே பிள்ளையை நூல்களோடு விட்டுவிட்டு, கணக்கு வராதபோது சினந்தார். அக்கணக்கிற்கு வேண்டிய முற்பாடமே பிள்ளைக்கு இல்லை என்பது அவர் கண்ணிற் படவில்லை. உரத்து வாசிக்கும்போது பிழை நேர்ந்தாற் கடிந்து கொள்வார். தாம் ஒருமுறை வாசித்துக் காட்டினாரில்லை.

இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவது, தமக்கு வாராத பாடம். அதற்கு மருந்து எளிது. அயலில் ஓர் ஆசிரியரையோ கணிதம் படித்த சின்னம்மாவையோ நாடலாம். இரண்டாவது, தமக்கு மிக நன்றாக வரும் பாடம். தமக்கு எளிதானது பிள்ளைக்கும் எளிதாயிருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் குடிகொள்ளும். “இது கூடவா தெரியாது?” என்ற கேள்வி பிறப்பதும் அங்கேயே. எமது எண்ணத்தில் இதுவே கொடிது.

1826ஆம் ஆண்டில், இருபது வயதில், மில் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானார். அவ்வேளையில் உதவி நாடித் தாம் கடைசியாக நினைக்கக் கூடியவர் தந்தையே என்று அவர் எழுதியிருப்பதை வாசிக்கும் எந்தப் பெற்றோருக்கும் நெஞ்சம் துணுக்குறும். அத்தனை ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்தவர்களல்லவா!

ஆதலின், கற்பிக்க விழையும் பெற்றோர் ஒரு வாரம் ஒரு கொப்பியிற் குறித்துப் பார்க்கட்டும். எந்தப் பாடத்திற் குரல் உயர்ந்தது? எது “நாளைக்குப் பார்ப்போம்” என்று மூன்று முறை தள்ளப்பட்டது? தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் சொன்ன நாள் ஒன்றேனும் உண்டா? குரல் உயரும் பாடத்தைத் தாயும் தந்தையும் தமக்குள் மாற்றிக் கொள்ளலாம். பாடப் பேச்சே எழாத ஒரு மணி நேரத்தையும் நாள்தோறும் ஒதுக்கிவைத்தல் வேண்டும். அந்நேரத்தில் ஆசிரியர் வெளியே போய்விட வேண்டும், அப்பாவும் அம்மாவும் மட்டுமே வீட்டிலிருக்க வேண்டும்.

கொப்பியின் கடைசிப் பக்கம் பிள்ளைக்குரியது. மாணவ நேயர்களே, அதில் அஞ்சாது எழுதுங்கள்; எழுத்துப் பிழைகளை அங்கே ஒருவரும் திருத்தார்.